கீழ் ஒரு சதவீதம்

உலான்பாட்டர். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நிலக்கரிப் புகை, தெருவிளக்கின் கழுத்துவரை.
நிலவறையில் இருபத்து நான்கு கணினிகள்
தம் மூச்சாலேயே அறையைச் சூடாக்குகின்றன.

இரவுப் பொறுப்பு சரங்கோவுக்கு.
நூடுல்ஸுக்கு வெந்நீர், மணிக்கணக்கு, சில்லறை,
பழுதென்றால் திருப்புளி.

பதினேழாம் இருக்கையில் தொல்கூன்.
பகலில் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவன்.
மூன்று வாரமாய் ஒரே புகார்:
"கிடங்கு மூலையில திரும்பினா படம் விக்குதுக்கா.
விக்கி முடிக்கிறதுக்குள்ள செத்திருப்பேன்."

பக்கத்து இருக்கைகள் சிரித்தன.
ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல் என்பது
அந்த ஊரிலும் வேறு சொற்களில் இருக்கும்போல.

சரங்கோ சிரிக்கவில்லை.
மவுஸை மாற்றினாள். கேபிளை மாற்றினாள்.
திரையோரம் எண்களை ஓடவிட்டுப்
பின்னால் நின்றாள்.

நொடிக்கு நூற்று அறுபத்தெட்டுப் படம், சராசரி.
சராசரி நல்ல பிள்ளை.
யாரையும் காட்டிக்கொடுக்காது.
அதற்குக் கீழே, பொடி எழுத்தில், இன்னொன்று:
நூற்றில் ஆக மெதுவான அந்த ஒன்று
எந்த வேகத்தில் வருகிறது என்பது.
அறுபத்தொன்று.

அந்த ஒன்றில்தான் மூலை.
அந்த ஒன்றில்தான் துப்பாக்கி.

வரைகலை அட்டை
இலை போட்டு உட்கார்ந்தவன்போல் பாதிநேரம் சும்மா இருந்தது.
செயலி கரண்டியைத் தூக்கியபடி நின்றது.
அடுக்களைக்கும் பந்திக்கும் நடுவே
நடக்கிற ஆள்தான் மெதுவாய் நடந்தான்.

நினைவகம்.

இமைப்பொழுதை மாத்திரை என்று அளந்துவைத்தோம்.
அதை லட்சமாய் நறுக்கி,
ஒரு துண்டை எடுத்து மறுபடி நறுக்கினால்
கையில் ஒட்டாத ஒரு துணுக்கு.
அவ்வளவுதான் அங்கே காத்திருப்பு.
கேட்டேன், இதோ. கேட்டேன், இதோ.
ஒவ்வோர் இதோவுக்கும் முந்திய மௌனம்
தனியாய் ஒன்றுமே இல்லை.
கூடினால் விக்கல்.

விடியல் மூன்றுக்கு, ஆள் போனபின், மூடியைக் கழற்றினாள்.
பட்டையின் ஒட்டுத்தாளில்: மூவாயிரத்து அறுநூறு.
அமைப்புத் திரையில்:
இரண்டாயிரத்து நூற்று முப்பத்து மூன்று.
வாங்கி இரண்டு வருடம்.
காசு கொடுத்த வேகத்தை
ஒருநாளும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

ஒரே ஒரு வரி. மாற்றினாள்.
திரை கறுத்தது.
விசிறி ஓடி நின்றது. ஓடி நின்றது.
சம்பளத்தில் பிடிப்பார்களே என்று
அந்தக் குளிர்காலத்தில் முதல்முறை உள்ளங்கை வேர்த்தது.
மூன்றாம் தடவை எழுந்தது.

சராசரி நூற்றுத் தொண்ணூறு. அது கிடக்கட்டும்.
கீழ் எண், நூற்று நான்கு.

சூட்டோடு சூடாய் இருபத்திரண்டிலும் செய்தாள்.
அங்கே அகன்ற திரை, பழைய அட்டை.
ஓர் எண்கூட அசையவில்லை.
உண்கிறவனே மெதுவாய் மெல்லும் பந்தியில்
ஓடிப் பரிமாறி என்ன?

மறுநாள் தொல்கூன் வந்தான்.
அவள் எதுவும் சொல்லவில்லை.
மூலை திரும்பினான். செத்தான்.
மறுபடி திரும்பினான்.
செத்தான்.
ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு
கொஞ்சநேரம் திரையையே பார்த்தான்.

"இப்ப விக்கல."
"ம்."
"அவன் பதுங்கியிருந்தது தெரிஞ்சுது.
முழுசாத் தெரிஞ்சுது. என் கைதான் போகல."

சொல்லிவிட்டுச் சிரித்தான்,
தொலைந்த தன் தப்பு
தன் பையிலேயே கிடைத்துவிட்டவன்போல.
இன்னும் ஒரு மணிநேரத்துக்குக் காசு வைத்தான்.
கசங்கிய நோட்டில் டயர்க் கரி.

சரங்கோ அதை நீவி மேசையறையில் போட்டாள்.
திருப்புளியை எடுத்துக்கொண்டு
பதினெட்டாம் இருக்கைக்குப் போனாள்.