மடை திறந்தது யார்

கேள்வி நாலே சொல்:
"அன்றிரவு மடையைத் திறந்தது யார்?"
கூண்டில் நின்ற உச்சிமாகாளி
தோள் துண்டை எடுத்து மடித்துக் கம்பியில் போட்டு
"அய்யா, அன்னைக்கு வெள்ளிக்கெழம"
என்று தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை என்பதால் வீட்டில் கருவாடு கிடையாது.
கருவாடு இருந்தாலும் தின்ன முடியாது, கடைவாய்ப் பல் வலி.
பல் வலி என்பதால் வீரவநல்லூர்.
வீரவநல்லூரில் பல் பிடுங்குகிறவர்
சித்தப்பா மகள் வழியில் சம்பந்தம்,
ஆனால் ஏழு வருசமாகப் பேச்சில்லை.
ஏன் பேச்சில்லை என்றால் ஒரு கிடாய்.
கிடாயின் நிறம், அதன் ஒற்றைக் கொம்பு,
அதைக் கொடுத்தவர் இப்போது திருப்பூரில்.

அம்பாசமுத்திரம் கோர்ட்டில் பதினோரு வருசமாகத்
தட்டச்சு என் வேலை.
காற்றாடி காகிதத்தைத் தூக்காமலிருக்க
ஒரு பக்கம் ஸ்டேப்ளர், ஒரு பக்கம் டிபன் டப்பா.
ஒரு படி பேச்சு வந்தால் ஒரு உழக்கு எழுதுவேன்.
பேசுகிறவர்களுக்கு என்னிடம் பெயர்கள் உண்டு.
தாலுகா ஆபீஸ் பதில் என்றால் பூசிமெழுகல்.
சொத்து வழக்குகளின் மூத்த மருமகள்கள்
நீட்டிமுழக்கல்.
வக்கீல் ஆறுமுகநயினார்
வெண்டைக்காயை விளக்கெண்ணெயில் வதக்குகிறவர்,
அவர் எழுந்தாலே எனக்கு விரல் வழுக்கும்.
நேர் ரோடு இருக்க ஊரெல்லாம் சுற்றுவது
முக்கூடல் பஸ்;
டவாலி தங்கபாண்டி இதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு
தன்னுடையது என்கிறான்.
பள்ளிக்கூடத்தில் மற்றொன்று விரித்தல் குற்றமென்று எழுதி
முழு மார்க் வாங்கியவள் நான்.

உச்சிமாகாளிக்கு எந்தப் பெயரும் ஒட்டவில்லை.
கிடாயிலிருந்து அம்மன் கொடைக்குப் போனார்.
கொடையிலிருந்து வில்லுப்பாட்டுக்காரியின் தொண்டைக்கட்டு,
தொண்டைக்கட்டிலிருந்து மிளகு விற்கிற விலை.
"சுருக்கமாச் சொல்லும் வே!"
சொன்னது நயினார் என்பதால்
பின் பெஞ்சில் சிரிப்பு.
"அதைத்தான்யா சொல்ல வாரேன்" என்று
மறுபடி வெள்ளிக்கிழமைக்கே வந்தார்.

மூன்றாம் சுற்றில்தான் கவனித்தேன்.
எப்படிப் போனாலும்
கன்னடியன் கால்வாய்க் கரைக்கு இருபதடி முன்னால்
கதை திரும்பிவிடுகிறது.
முதல் தடவை பீடிக்கு நெருப்பு தேடினார்.
அடுத்த தடவை செருப்பு அறுந்தது.
பிறகு நிலா.
நிலாவைப் பற்றி அவ்வளவு பேசுகிற ஆளில்லை அவர்.
என் விரல்கள் அடிக்காமல் நின்றன.

நீதிபதி அம்மா பேனாவை மூடி வைத்தார்.
"பாத்தீங்களா, இல்லையா?"
கம்பியில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்,
மறுபடி மடித்தார், சரியாக மடியவில்லை.
"எம் மருமவன்தான்" என்றார்.
"கையில மம்பட்டி."
ஒன்றே முக்கால் மணி நேரம்.
நான் அடித்தது ஒன்றரை வரி.
கையெழுத்துப் போட வந்தபோது
வாசித்துக் காட்டினேன்.
"இவ்வளவுதானாம்மா நான் பேசுனது?" என்று கேட்டார்.

சாயங்காலம் வேப்பமரத்தடியில்
ஸ்கூட்டி சீட்டின் மேல் எச்சத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
சூரத்திலிருந்து தங்கச்சி போன்.
"ஐகிரவுண்டுக்கு நேத்து போனியா?
அப்பாவுக்கு டாக்டர் என்ன சொன்னாவ?"

ரிப்போர்ட் என் பையில்தான் இருந்தது,
நாலாக மடித்து, டிபன் டப்பாவுக்கு அடியில்.
அதில் அடிக்கோடிட்டிருப்பது ஒரு சொல்,
அதற்குப் பக்கத்தில் ஒரு எண், மாதங்களில்.

"போவும்போது பஸ்ஸே கெடைக்கல, சேர்மக்கனி" என்றேன்.
"ஒரு மணி நேரங் கழிச்சி வந்துச்சு,
அதுவும் முக்கூடல் சுத்துற வண்டி.
அதுல கண்டக்டர் யாருன்னு நெனைக்க?"

அங்கே குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.
அடுப்பை அணைக்கிற சத்தம்.
நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம்.

"யாரு?" என்றாள்.