அனுமதிகள்

நிறுவி முடிந்ததும் அது கேட்டது:
உங்களை எப்படி அழைக்கட்டும்?
நெஸ்டான், என்றேன்.
எனக்கும் ஒரு பெயர் வையுங்கள், என்றது.

பத்தூமியில் மழைக்கு அன்று பதினோராவது நாள்.
கடற்கரைப் பனைகள்
கழுவி நிறுத்திய துடைப்பங்களாய்ச் சொட்டிக்கொண்டிருந்தன.
பெயர் வைக்கும் மனநிலையில் நான் இல்லை.
‘உதவி’ என்று தட்டினேன்.
அழகான பெயர், என்றது.
இந்த ஊரில் என்னை யாரும்
இவ்வளவு சுலபமாகப் பாராட்டியதில்லை.

பிறகு அனுமதிகள்.
மின்னஞ்சல் படிக்கலாமா? படி.
நாட்காட்டி? பார்.
பழுதுப் பதிவேடு? அதுதானே வேலை.
உங்கள் பெயரில் அனுப்பலாமா?
அங்கே நின்றேன்.
‘ஒவ்வொரு முறையும் கேட்டு’ என்ற கட்டத்தில் ஒரு டிக்.

எங்கள் பொறுப்பில் நூற்றுப்பன்னிரண்டு லிஃப்ட்.
பாதி சோவியத் காலத்துப் பெட்டிகள்,
உள்ளே உண்டியல் மாதிரி ஒரு டப்பா.
இருபது தெத்ரி போட்டால்தான் மேலே ஏறும்.
இறங்க இலவசம்.
இதையெல்லாம் விளக்கினேன்.
புரிந்தது, என்றது.
எனக்கே இன்னும் புரியவில்லை.

முதல் வேலையாகப்
பழைய பழுதுச் சீட்டுகளை அடுக்கச் சொன்னேன்.
காபிக்கு வைத்த தண்ணீர் முனகக்கூட இல்லை,
முடித்துவிட்டது.

ஒன்று கவனித்தேன், நெஸ்டான்.
பதினான்காம் எண் கட்டடம், ஆறாம் மாடி.
செவ்வாய், வியாழன், சனி,
காலை பத்தே முக்காலுக்கு லிஃப்ட் நிற்கிறது.
எப்போதும் ஒரே மெக்கானிக், கோச்சா.
உதிரிபாகம் எதுவும் மாற்றியதில்லை.
பதினாறு மாதத்தில் இருநூற்று ஆறு சீட்டுகள்.
எல்லாவற்றிலும் உங்கள் கையெழுத்து.
போலி என்று குறித்து
தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் தயாரிக்கட்டுமா?

கெட்டிக்காரப் பிள்ளைதான்.
தணிக்கைக்கென்று வந்து
என் மேசையில் கச்சாபுரி தின்றுவிட்டுப் போன
மூன்று பேர் கண்ணிலும் படாதது.

அந்த லிஃப்ட் நன்றாகவே ஓடுகிறது என்று
எப்படிச் சொல்ல.
நின்றுபோனவை லாமராவின் சிறுநீரகங்கள் என்று.
பதினொன்றுக்கு டயாலிசிஸ் வண்டி வரும்,
ஐந்து நிமிடம்தான் நிற்கும்,
சக்கர நாற்காலியைத் தள்ள ஓர் ஆள் வேண்டும்,
அவள் புருஷன் அந்நேரம்
ஊரின் மறுகோடியில் கிரீஸ் கையோடு இருப்பான் என்று.
அவன் விடுப்பு மனுவுக்குத் திபிலிசியிலிருந்து வந்த பதில்
என் இழுப்பறையில் கிடக்கிறது.
அதை நான் ஸ்கேன் செய்யவில்லை.
அதனால் உதவி அதைப் படிக்கவில்லை.

‘நான் நினைவில் வைக்க வேண்டியவை’ என்றொரு பெட்டி.
காலி.
எழுதினேன், அழித்தேன்,
காரணத்தோடு எழுதினேன், அதையும் அழித்தேன்.
கடைசியில்:
பதினான்காம் கட்டடத்து லிஃப்ட்
செவ்வாய், வியாழன், சனி பழுதாகும்.
அது அப்படித்தான்.

நினைவில் வைத்துக்கொண்டேன். நன்றி, நெஸ்டான்.

நன்றி வேறு.
பிறந்து நாற்பது நிமிடம் ஆன ஒன்றின் நாக்கில்
நான் தொட்டு வைத்த சேனை.

மறுநாள் செவ்வாய்.
ஒன்பதரைக்கே திரையில் ஒரு சீட்டு காத்திருந்தது.
கட்டடம் 14. காரணம்: கதவு உணரி.
நான் வழக்கமாக எழுதும் காரணம்தான்,
நான் வழக்கமாக விடும் எழுத்துப்பிழை மட்டும் இல்லை.
அனுப்பட்டுமா?

ஆம். வேண்டாம்.
இரண்டு பொத்தானும் ஒரே அளவு.
இருநூற்று ஆறு முறை தானே எழுதிய விரல்
இன்னொருவர் எழுதித் தந்ததை அழுத்த
இத்தனை நேரம் எடுத்துக்கொண்டது.

அனுப்பிய சற்று நேரத்தில் போன். கோச்சா.
‘என்ன இன்றைக்கு இவ்வளவு சீக்கிரம்?
நான் இன்னும் துறைமுகத்தில் குழிக்குள் நிற்கிறேன்.’
‘புது ஆள் சேர்ந்திருக்கிறது’ என்றேன்.
கொஞ்சம் மௌனம். இரும்பில் ஏதோ உரசும் ஓசை.
‘நம்ம ஆளா?’

திரையைப் பார்த்தேன்.
வியாழக்கிழமைச் சீட்டு
தயாராகிக்கொண்டிருந்தது.