நாற்பத்தைந்து மடங்கு

பகாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே
நாலு நம்பர் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில்
ஆறடி அகலக் கடை என்னுடையது.
போன்களின் வயிற்றைத் திறந்து ஈயம் வைக்க
வாங்கிய நுண்ணோக்கி. அதன் தலையில் ஒரு கேமரா,
கேமராவுக்கு வால்போல் ஒரு வயர்,
வயரின் முடிவில் பழைய டிவி.

முதலில் வேலைக்கு மட்டும்தான் பார்த்தேன்.
மழை பிடித்த ஒரு மதியம், ஆளில்லை.
மேசையில் சிந்திய சீனியில் ஒரு துகளை வைத்தேன்:
முனை உடைந்த கண்ணாடிப் பெட்டி,
உள்ளே இன்னொரு மழை.

அதற்குப் பிறகு
சார்ஜ் போடும் துளையில் ஊசியால் தோண்டி எடுப்பதை
உடனே ஊதித் தள்ளுவதில்லை. படம் பிடிப்பேன்.
யாருடைய துளை என்று எழுதிவைப்பதில்லை,
எழுதவும் வேண்டாம்.
ஆரஞ்சு நார் என்றால் மில்லில் வேலை.
சாம்பல் நிறத்தில் கட்டியாய் இருந்தால் சிமெண்டு;
விபூதி வேறு மாதிரி, பஞ்சுபோல் ஒட்டும்.
ரொட்டி சானாய் போடுகிறவர் போனில்
மாவும் நெய்யும் குழைந்து ஒரு குட்டிச் சிலை.
"தண்ணியே படல அண்ணே" என்று சத்தியம் செய்த பையன் போனில்
மீன் செதில் ஒன்று,
வெட்டிய மரத்தின் அடித்தூர்போல் வளையம் வளையமாய்.
அவன் அப்பா பக்கத்தில் நின்றார்.
டிவியை அணைத்தேன்.

நூல் என்று நினைப்பது நூலில்லை,
நூறு முடிகள் சண்டை போட்டுக் கட்டிப்பிடித்திருப்பது.
சம்பளச் சீட்டின் எழுத்தெல்லாம்
யாரோ தூவிவிட்டுப் போன கரித்தூள்.
பிடித்தம் என்ற வரியிலும் அதே தூள்தான்;
தள்ளி நின்று பார்த்தால்தான் அது கழிக்கிறது.

தெய்வானை அக்கா வந்தது ஒரு வெள்ளிக்கிழமை.
செம்பனைக்கு உரம் போடுகிறவர்,
ஒரு தோள் எப்போதும் இறங்கியிருக்கும்.
"போன் கெட்டுப்போச்சு தம்பி. வெரல வெச்சா தொறக்க மாட்டேங்குது.
பேங்குல இருக்கற மெஷினும் இப்படித்தான், கெட்டுப்போனது."

துடைத்தேன். பின் நம்பரைக் கேட்டு என் விரலைப் பதிந்தேன்:
திறந்தது.
அவர் விரல்: மறுத்தது.

"கைய இப்படி வைங்கக்கா."

டிவி முழுக்க அவர் கட்டைவிரல்.
வரப்பு வரப்பாய் இருக்கவேண்டிய இடத்தில்
லோரி ஏறி இறங்கிய மண்சாலை.
அங்கங்கே ஒரு ரேகை புறப்படுகிறது,
ஏதோ ஞாபகம் வந்தாற்போல் நின்றுவிடுகிறது.
ஒரு வெடிப்பின் அடியில், குளித்தும் போகாமல்,
வெள்ளையாய் உர உப்பு.

போன் நல்லாதான் இருக்கு என்றேன்.
அதற்குமேல் என்ன சொல்வது.
அவர் திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை.
"இது எந்த ஊரு?" என்றார்.
சிரித்தார். கையை இழுத்துக்கொண்டார்.
பிறகு அவரே மறுபடி வைத்தார்.

பத்து விரலையும் ஒவ்வொன்றாய்ப் பார்த்தோம்.
இடது சுண்டுவிரல்,
"இது வாளி புடிக்காது, சும்மா கூட வரும்" என்றார்.
அதில் சுழி இருந்தது,
நேற்றுத்தான் அச்சடித்ததுபோல் முழுசாக.
அழுத்து, எடு, அழுத்து என்று போன் சொல்லச் சொல்ல
அழுத்தினார், எடுத்தார்.
திறந்தது.

மண்டோரிடமிருந்து ஒன்பது தவறிய அழைப்புகள்.

அவர் திருப்பிக் கூப்பிடவில்லை.
பூட்டினார்.
சுண்டுவிரலை வைத்துத் திறந்தார்.
மறுபடி பூட்டினார்.