மூன்றாம் வேற்றுமை

காலை ஏழுக்குள் இரண்டு நோயறிமுடிவு.
மூன்று வேண்டாம் என்றாள் கொலீன்,
எது முதலில் கொல்லுமோ அதை முதலில் எழுது.
படிவத்தில் கட்டங்கள்தான் மூன்று:
என்ன குறை,
எதனால்,
எப்படித் தெரியும்.

தண்டர் பே. நான்காம் மாடி, பன்னிரண்டாம் கட்டில்.
கேதீஸ்வரநாதன், ஐம்பத்தாறு வயது,
பிராம்டனிலிருந்து வினிபெக்குக்கு
உறைந்த கோழி ஏற்றிப் போகிறவர்.
நேற்று லொறியிலிருந்து இறங்கக் கால் வைத்தவர்
பாதிப் படியில் நின்றுவிட்டார்,
மேலேயும் இல்லை கீழேயும் இல்லை,
கம்பியைப் பிடித்தபடி, பனியில், இருபது நிமிஷம்.
வந்து சேர்ந்தபோது
நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்று நான்கு.

பத்துக்கு வலி எத்தனை என்று பகல் தாதி கேட்டாராம்.
நான்கு என்றாராம்.
இரவு என் பெயர்ப்பட்டையை வாசித்துவிட்டு,
"தங்கச்சி, நாரியை ஆரோ கோடாலியால..."
அந்த வசனத்தை முடிக்கவில்லை.

எழுதினேன்: கடும் வலி.
எதனால்: தசைப்பிடிப்பால்.
எப்படித் தெரியும்:
முடியாத வசனத்தைப் போட இடமில்லை.
நான்கு என்றே போட்டேன்.
பிறகு வெட்டிவிட்டு
திரும்பிப் படுக்க ஆறு நிமிஷம் என்று போட்டேன்.

இரண்டாவதற்குப் புத்தகம் தானாகவே ஒன்றை நீட்டியது:
சிகிச்சைக்கு இணங்காமை.
பொருந்தத்தான் செய்தது.
பிரஷர்க் குளிசைப் போத்தலில் ஒக்டோபர்த் திகதி,
முப்பதில் இருபத்தாறு மிச்சம்.
இப்போது பெப்ரவரி.

"ஏன் அண்ணை போடேல்லை?"

"அது தண்ணி பிரிக்கிற குளிசையெல்லோ.
போட்டா அரை மணிக்கொருக்கா இறங்கோணும்.
இறங்கினா நாரி.
வாவா எண்டு ஒரு ஊர் வரும்.
பேர்தான் வா வா.
ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கதவும் திறவாது."

ஆகவே அதை விட்டார்.
நோவுக்குப் பெற்றோல் நிலையத்தில் வாங்கிய ஐபுபுரோஃபன்,
நாளுக்கு ஆறு, சில நாள் எட்டு.
அது பிரஷரை ஏற்றும் என்று
விற்றவனும் சொல்லவில்லை, பெட்டியில் எழுத்தும் சின்னது.

இருக்கையால் நாரி,
நாரியால் மாத்திரை,
மாத்திரையால் இரத்தத்தில் ஏற்றம்,
ஏற்றத்தால் குளிசை,
குளிசையால் இறக்கம்,
இறக்கத்தால் மறுபடி நாரி.

ஆல் உருபுக்குப் பள்ளியில் ஒரே உதாரணம்தான்:
வாளால் வெட்டினான்.
ஒரு வாள், ஒரு வெட்டு, மதிப்பெண் இரண்டு.
இவருடைய ஆல்
மரம்.
எது வேர், எது மேலிருந்து இறங்கிய விழுது,
பிரித்துச் சொல்ல முடியாமல் ஊன்றி நிற்கிறது.
கட்டத்தின் அகலம் இரண்டு அங்குலம்.

இணங்காமையை அழித்தேன்.
மருந்து முறையைக் கைக்கொள்ள இயலாமை.
எதனால்:
ஒதுங்க இடமில்லாத நெடுஞ்சாலையால்.

ஆறே முக்காலுக்குக் கொலீன் வாசித்தாள்.
நெடுஞ்சாலையின் கீழ் ஒரு கோடு,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
திருத்தச் சொல்வாள் என்று அழிறப்பரை எடுத்தேன்.
அவள் மருந்தாளருக்குத் தொலைபேசி எடுத்தாள்,
வேறு குளிசை இருக்கிறதா, தண்ணி பிரிக்காதது,
கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்,
காத்திருப்பு இசையோடு.

கட்டிலோரம் சிறுநீர்ப் போத்தல், நானூறு மில்லி.
குனிந்து எடுத்தபோது என் நாரியும் ஒரு சொல் சொன்னது.
நூற்று ஐம்பத்திரண்டு, குறைந்திருக்கிறது,
போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால்.

"குறை நினைக்காதேங்கோ" என்றார் போத்தலைப் பார்த்து.
பிறகு,
"லொறிக்க கோழி கிடக்கு. பழுதாப் போயிருக்குமோ?"

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கோழிக்கு ஒன்றும் ஆகாது என்றேன்.