மாலை நாலு மணி

காளப்பட்டியில், ஆறாவது மாடியில்,
ஏழு வருடம் கோட்டை கட்டினேன்.
விளையாட்டுக்குள் நிற்கும் கோட்டைகள்.
மொத்தம் பதினொன்று.
ஒன்றிலும் கழிப்பறை இல்லை.

யாரும் கேட்கவுமில்லை.
வாளோடு வருகிறவனுக்குப் படிக்கட்டு போதும்,
ஒளிய ஒரு தூண்,
குதித்துச் சாக ஓர் உப்பரிகை.
யானை இழுக்கும் கல்லை ஒற்றை விரலால் ஏற்றினேன்.
சித்தாள் இல்லை, சனிக்கிழமைக் கூலி இல்லை,
செவ்வாய் ஆகாது என்று சொல்ல ஆளில்லை.
(அதற்கு முன் ராம்நகரில் ஒருவரிடம்
மூன்று வருடம்
கழிப்பறை மட்டுமே வரைந்துகொண்டிருந்தேன்.)

வெயிலை மட்டும் பார்த்துப் பார்த்து வைப்பேன்.
மாலை நாலு மணி வெயில்.
சாய்வாக, கொப்பரையில் இறக்கப்போகும்
வெல்லப்பாகின் நிறத்தில்.
அந்த வெயிலில் எதுவும் விலைபோகும்.

கம்பெனியை மூடினார்கள்.
ஒரு வெள்ளிக்கிழமை இரவு
பதினொரு கோட்டையும் போயின.
இடிக்க ஒரு ஜேசிபிகூட வரவில்லை.

பிறகு பல்லடம் ரோட்டில் காளியண்ணன்.
மில்லுக்குப் பின்னால் இருநூற்று நாற்பது பெண்களுக்கு விடுதி.
"வூடு மாதிரி இருக்கோணுமுங் அம்மணி,
ஆனா வூட்டுச் செலவு ஆகக்கூடாதுங்."

முதலில் எடையில்லாமல் கட்டினேன்.
ஹெட்செட்டைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.
ஷிப்ட் முடிந்து வந்தவர்கள்
வரிசையில் நின்று, சிரித்து,
இல்லாத சுவரைத் தடவினார்கள்.
ஒருத்தி கை சுவருக்குள் போனதும்
பேய் என்று கத்தினாள்.

கேந்திரபாடாவிலிருந்து வந்த மாமினி
கேண்டீன் தரையில் மல்லாந்து படுத்துவிட்டாள்,
தலைமுடியில் பஞ்சும்
கண்ணில் ஹெட்செட்டுமாக.
சூப்பர்வைசர் எழுப்ப வந்தார்.
அவள் அசையாமல் சொன்னாள்:
"ஜன்னல் மேலே. படுத்தா வானம் இல்லை."

நின்றுகொண்டே வரைந்திருக்கிறேன்.
ஐந்தடி மூன்றங்குலத்தில் மிதக்கும் ஒரு கண்
என் எல்லா அறைகளிலும் நடந்தது.
பதினொரு கோட்டையிலும்
செத்தவர்கள் மட்டும்தான் படுத்திருந்தார்கள்.

ஜன்னலை ஒன்றரை அடிக்கு இறக்கினேன்.
"புள்ளைக உழுந்துறாதுங்களா?"
கம்பி போடலாம்.
எண்பத்து நாலாயிரம்.
இரண்டு தவணையாகக் கொடுத்தார்,
இரண்டு முறையும் தொகையை வாய்விட்டுச் சொல்லி.

கட்டி முடித்த முதல் ஆடியில்
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
அறுபது கதவுகளை விடிய விடிய அறைந்ததாம்.
என் மாதிரியில் காற்று கிடையாது.

எட்டு மாதம் கழித்துப் போனேன்.
ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தது.
பழைய சேலை, தினத்தாள்,
நூல்கோன் வரும் அட்டைப்பெட்டி.
மாமினியைக் கேட்டேன்.
பெருந்துறை மில்லுக்குப் போய்விட்டாளாம்.
அவள் கட்டிலில் இப்போது இருப்பவள்
அட்டையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள்:
"லைட்டுக்கா. ராத்திரி பூரா."

மில் யார்டின் பெரிய விளக்கு.
சாய்வாக, வெல்லப்பாகின் நிறத்தில்,
அறைக்குள் வந்து விழுந்தது.
இரவு ஒன்பதரைக்கு
மாலை நாலு மணி.

கேட்டுவிட்டுக் கட்டிலில் படுத்துப் பார்த்தேன்.
அட்டையில், தலையணை உயரத்தில்,
உள்ளங்கை அகலத்துக்கு யாரோ கிழித்திருந்தார்கள்.
விளக்கு படாத கோணம்.
அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி
அணைந்து அணைந்து எரிந்தது.
காற்றாலையின் உச்சி விளக்கு.

டேப் எடுத்து அளந்தேன்.
மூன்றரை அங்குலம், நாலு.
இது யார் வரைந்தது என்று கேட்டதற்கு
அவளுக்குத் தெரியவில்லை.