முட்டும் என்று தெரிந்த மாடு

ஹெரிஃபோர்டில் மழை.
இரண்டாம் அறையில் ஹீட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.
என் வேலை சின்னது.
சாட்சி கூண்டேறினால் நான் கேட்க வேண்டும்:
வேதமா, வெறும் வாக்கா?

அலமாரியில் நான்கு நூல்கள்,
ஒவ்வொன்றும் தனித்தனித் துணியில்.
கறுப்பு அட்டைக்கு மட்டும் முதுகு பிய்ந்துவிட்டது,
பசைநாடா ஒட்டியிருக்கிறேன்.
இந்தக் கட்டடத்தில் அதிகம் பொய் கேட்டது
அதுதான்.

வாதி ஹெஸ்டர் லவிபாண்ட், வயது அறுபத்தொன்று.
பொதுப்பாதையில் நடந்தார்.
பாதை வயலுக்குள் போகிறது,
வயலில் கன்று ஈன்ற பசு.
இடுப்பெலும்பு இரண்டு இடத்தில்.
கூடப்போன நாய் திரும்பவில்லை.

பிரதிவாதி க்விலிம் ப்ராபர்ட்.
கழுத்துப்பட்டை இரவல், பார்த்தாலே தெரிகிறது.
பசுவுக்குப் பெயர் இல்லை.
காதில் மஞ்சள் வில்லை, எண் எழுநூற்றுப் பதினான்கு.

முட்டியதா என்று யாரும் கேட்கவில்லை.
எக்ஸ்ரே அதைச் சொல்லிவிட்டது.
சட்டம் கேட்பது வேறு:
முட்டும் என்று
உனக்குத் தெரியுமா?

இந்தக் கேள்வி எங்கிருந்து நடந்து வருகிறது
என்று எனக்குத் தெரியும்.
மதிய வேளைகளில் அந்தக் கறுப்பு நூலைப் புரட்டுகிறவன் நான்,
நம்பிக்கையால் அல்ல, சும்மா இருக்க முடியாமல்.
பாலைவனத்தில் கூடாரம் அடித்த சனம்,
மலையடிவாரம்,
அடிமையிலிருந்து வந்து இன்னும் காயாத முதுகுகள்.
அவர்களுக்கும் மாடு இருந்தது, அதற்குக் கொம்பு இருந்தது.
நேற்றும் முந்தாநாளும் முட்டிய மாடு என்றால்,
சொல்லியும் கட்டிவைக்காதவன் என்றால்,
பழி மாட்டோடு நிற்காது.
பிறகு ஒரு சாக்ஸன் அரசன்
தன் சட்டங்களுக்கு முன்னால் அதை எழுதிக்கொண்டான்,
மண்தரையில், புகை நடுவே.
பிறகு பொய்முடி வைத்தவர்கள்.
பிறகு எழுபத்தொன்றாம் ஆண்டுச் சட்டம், உட்பிரிவு, அதற்குள் உட்பிரிவு.
கடவுள் வழியிலேயே எங்கோ இறங்கிக்கொண்டார்.
கேள்வி மட்டும் வந்துசேர்ந்தது,
ஈரக் குடையோடு.

"வேதமா, வெறும் வாக்கா?"
"வாக்கு" என்றார் ப்ராபர்ட்.
"எங்கள் சேப்பலின் கூரை விழுந்து இருபது வருஷம்."

அந்தப் பசு அதற்குமுன் யாரையாவது துரத்தியதுண்டா?
காப்பீட்டுக்காரர்கள் பதிலைத் தட்டச்சு செய்தே கொடுத்திருந்தார்கள்.
இல்லை என்ற ஒரு சொல்.
கீழே அவர் கையெழுத்து.
பார்த்தவர் வேறு யாருமில்லை.

ஹீட்டர் நின்றது.
நீதிபதி அகின்ரேலே நிமிர்ந்து பார்த்தார்.

"பிப்ரவரியில்" என்றார் ப்ராபர்ட்,
"என் தம்பியை வேலியோடு வைத்து அழுத்தியது.
அவன் சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை."

அவருடைய வக்கீலே எழுந்து நின்று,
தப்பிக்க ஒரு சந்து விட்டுக் கேட்டார்:
அப்படியானால் அன்றைக்குத்தான் தெரிந்ததா?

"அதுக்கும் முன்னாடியே."

யாரும் எதையும் எழுதாத ஒரு கணம்.
பிறகு எல்லோரும் எழுதினார்கள்.
லவிபாண்ட் அம்மையார் மட்டும்
ஊன்றுகோலின் ரப்பர் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
வென்றவர் முகம் போல இல்லை.

தொகை பிறகு அறிவிக்கப்படும்.
தொகை, வட்டி, செலவு.
பழைய சட்டத்தில் செலவுக் கணக்கு இல்லை,
கல் இருந்தது:
மாட்டைக் கல்லெறிந்து கொல், இறைச்சியைத் தின்னாதே.
எழுநூற்றுப் பதினான்கு
அக்டோபரிலேயே லாரி ஏறிவிட்டது.
ஒரு வரி ரசீது, கோப்பின் கடைசிப் பக்கத்தில்.

எதிர்க்கடையில் பேஸ்ட்டி வாங்கினேன்.
என்ன இறைச்சி என்று கேட்டேன்.
இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை.
"மாடுதான், வேறென்ன" என்றாள் கடைக்காரி.
கையைச் சுட்டது. பசித்தது.
தின்றேன்.

சாயங்காலம் அலமாரியைப் பூட்டும்போது
கறுப்பு அட்டையின் துணியைச் சரிசெய்தேன்.
இன்று யாரும் அதைத் தொடவில்லை.
என் விரலில் மட்டும்
கொழுப்பின் வாசம்,
துணியிலும் கொஞ்சம்.