ஈரப்பதம்

மூணாறு தலைப்பில் ஷட்டர் தூக்கிய வாரம்
நீடாமங்கலத்தில் எனக்குத்தான் போகம்.
நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு வரும் முதல் தண்ணீரை
எல்லாரும் படம் எடுத்தார்கள்,
ஒரே மதகில் நின்று, ஒரே நுரையை.
"தண்ணி வந்துருச்சு" என்று போட்டுவிட்டு
இன்னும் கொஞ்சம் குனிந்ததில்
என் மேசைக்கு வந்தவை பதினோரு போன்கள்.

கொண்டுவருகிறவர்கள் சொல்வது ஒன்றே:
"உடனே அரிசியில போட்டுட்டேன்க்கா."

அரிசி ஒரு சொட்டும் உறிஞ்சாது.
சொல்லிச் சொல்லி என் வாய்தான் காய்ந்தது.
சார்ஜ் துளையில் ஊசி விட்டால்
தவிடு, ஒரு குருணை,
ஒருமுறை உயிரோடு ஒரு வண்டு.
எந்த வீட்டில் எந்த அரிசி என்று
இப்போது எனக்குத் தெரியும்.
லூர்துமேரி டீச்சர் போனில் கர்நாடகப் பொன்னி.
மில்காரர் வைத்தியலிங்கம் போனில்
ரேஷன் அரிசி.
இதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

பிறத்தியார் போனைப் பார்ப்பதும் இல்லை.
ஆனால் கழுவித் துடைத்து உயிர் வந்ததும்
அது தானாகக் கொட்டும்:
ரோஜாப்பூவோடு நூற்று நாற்பது காலை வணக்கம்,
செத்துப்போனவருக்கே பிறந்தநாள் வாழ்த்து,
மேட்டூர் எத்தனை அடி,
பிறகு, நாலு நாளாக ஒரே ஆளிடமிருந்து
"இருக்கியா?"
"இருக்கியா?"

போன் வந்து சனம் கெட்டுப்போச்சு என்கிறார்கள்.
அதையும் போனில்தான் அனுப்புகிறார்கள்.
எனக்கு அப்படித் தோன்றவில்லை.
எங்கள் ரயில்வே கேட் விழுந்தால் அரைமணி.
முன்பு ஆரன் அடித்தார்கள்,
குறுக்கே வண்டியை விட்டுச் சட்டையைப் பிடித்தார்கள்.
இப்போது இருபக்கமும் குனிந்த தலைகள்.
கேட் திறந்தும் ஒருத்தன் நகராமல் நிற்பான்.
அவ்வளவுதான் நட்டம்.

ஐப்பசியில் தவச்செல்வன் வந்தார்.
கொள்முதல் நிலைய வாசலில் ஒன்பது ராத்திரி,
தார்ப்பாய்க்கு அடியில் குறுவை நெல்,
தார்ப்பாய்க்கு மேலே மழை.
கையடக்கமாக ஒரு மிஷின் வைத்திருக்கிறார்களாம்,
ஒரு பிடி நெல்லைப் போட்டால் எண் காட்டும்.
இருபத்திரண்டு.
பதினேழாகக் காய வைத்துக் கொண்டுவா.
வானம் எங்கே விட்டது?

போனும் நனைந்திருக்கிறது.
வேறு இடமில்லாமல் அந்தக் குவியலுக்குள்ளேயே
சொருகி வைத்திருக்கிறார்.
"நெல்லு ஈரம் போனுக்கு ஏறுச்சா,
போன் ஈரம் நெல்லுக்கு ஏறுச்சா,
நீதான் சொல்லணும்" என்று சிரித்தார்.
சிரிப்பு முடிவதற்குள் இருமல் வந்துவிட்டது.

பின்மூடி ஏற்கெனவே விண்டிருந்தது.
நெம்பித் திறந்தேன்.
பாட்டரி ஓரமாக ஒரே ஒரு நெல்,
உமியைக் கிழித்துக்கொண்டு
வெள்ளையாய் நகத்தளவு முளை.

இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"ஒரு போட்டோ எடும்மா" என்றார்,
"எனக்கு இல்ல. சும்மா."

எடுத்தேன்.
அன்றிரவு ஸ்டேட்டஸில் போட்டேன்,
ஒன்றும் எழுதாமல்.
நூற்றுப் பதினேழு பேர் பார்த்தார்கள்.
எட்டு இதயம், இரண்டு கும்பிடு.
ஒருவர் மட்டும் கேட்டிருந்தார்:

"இது என்ன மாடல்க்கா?"